பதிவாயிற்று, காத்திருங்கள்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறிக் கொரட்டூரில் இறங்கி, ஏரிப் பக்கம் போகும் தெருவில் நனைந்துகொண்டே நடந்து, குணசேகரன் வீட்டு வாசலில் சௌம்யா நின்றபோது காலை பதினொரு மணி. ஐப்பசி மழை. பகலிலேயே உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள்.

"குடைய வெளியவே விட்டுடும்மா," என்றார் குணசேகரன். "தரை ஈரமானா எங்க வீட்டம்மாவுக்கு இப்பல்லாம் கை நடுங்குது."

ஆவடி தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முன்னறைதான் மழைக்கால உதவிக் குழுவின் அலுவலகம். ஒரு மேசை, அதன்மேல் பழைய லேப்டாப், சுவரில் தெருக்களின் வரைபடம், மூலையில் காற்றுப் பிடுங்கிச் சுருட்டிய ரப்பர் படகு. நான்கு சுவரிலும் மார்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் தண்ணீர் நின்ற கோடு.

"இன்னும் பெயின்ட் அடிக்கலையா சார்?"

"ரெண்டு தடவ அடிச்சாச்சு. மழ வந்தா கோடும் வந்துடுது. உப்புன்றான் பெயின்டர்."

சௌம்யா லேப்டாப்பைத் திறந்தாள். அந்த டிசம்பருக்கு இரண்டு வாரம் முன்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி இந்தக் குழுவுக்கு இலவசமாக ஒரு படிவம் செய்து கொடுத்தது. படகு வேண்டுபவர்கள் போனிலேயே நிரப்பி அனுப்புகிற படிவம். எழுதியது அவள்தான். இந்த மழைக்கும் அதைத் திறந்துவிட வேண்டும் என்று குணசேகரன் கூப்பிட்டிருந்தார்.

"ஏதாவது மாத்தணுமா சார்?"

"ஒண்ணும் வேணாம். உறவினர் நம்பர் மட்டும் கட்டாயமா இருக்கட்டும். முன்னல்லாம் காலி வீட்டுக்குப் படகெடுத்துட்டுப் போய் ஏமாந்திருக்கோம். இப்ப ஒரு பதிவு வந்தா முதல்ல உறவுக்காரருக்குப் போன் போட்டு மூணு கேள்வி. ஆள் இருக்காங்களா, எத்தன பேரு, அவங்க உங்களுக்கு என்ன வேணும். அப்புறம்தான் படகு."

"சரி சார்."

"போன தடவ ஃபாரத்துல வந்த பேரு நூத்தி முப்பத்தெட்டு. எல்லாரையும் ஏத்திட்டோம். ஒண்ணு கூட விடல." அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வராத பேருக்கு நாம என்ன பண்ண முடியும் சொல்லு."

வராத பேர் எது என்று இருவருக்கும் தெரியும்.

கன்னியம்மாள். ஏரிக்கரைச் சந்தில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் தனியாக இருந்தவள். சௌம்யாவின் ஆபீசைப் பெருக்கி டீ போடுகிற வேலை, ஆறு வருடமாக. நாலு மணியானால் அம்மிக்குழவியில் உடைந்த துண்டை வைத்து இஞ்சி தட்டுவாள். டக், டக், டக், டக். நாலே தட்டு. அது கேட்டால் எல்லோரும் எழுந்து போவார்கள். பத்தாம் வகுப்பில் அம்மாவைப் பறிகொடுத்த சௌம்யாவுக்கு மட்டும் டீயோடு ஒரு கேள்வியும் வரும்.

"இன்னா பாப்பா, மத்தியானம் துன்னியா இல்லியா? மூஞ்சி சுண்டிக்கீது."

படிவம் எழுதிய வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, கன்னியம்மாள் துடைப்பத்தோடு வந்து பின்னால் நின்றாள்.

"இன்னா எழுதுற?"

"நீங்க போன்ல பொத்தான அமுத்துனா அது ஒரு சத்தம் குடுக்கும்க்கா. அந்தச் சத்தத்துக்கு யாராவது காது குடுக்கணும்ல? அந்தக் காதத்தான் எழுதறேன்."

"அப்ப நான் அமுத்துனா உனக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

"எம்மா தூரத்துல இருந்தாலும்?"

"எங்க இருந்தாலும் கேக்கும்க்கா. உக்காருங்க, நிரப்பிப் பாருங்க."

கன்னியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். தேடும்போது வாய்விட்டுச் சொல்லுவாள். 'க எங்க? இதோ கீது.' விரல் நகம் கண்ணாடியில் பட்டு டிக் என்று கேட்கும். உறவினர் என்ற கட்டம் வந்ததும் கை நின்றது.

"இங்க இன்னா போட? எனக்குன்னு யார் கீறா?"

"என் பேரப் போடுங்க. என் நம்பரப் போடுங்க."

"நெசமாவா?"

"போடுங்கக்கா."

"உறவு இன்னான்னு கேக்குதே."

"உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு சௌம்யா வேறு திரைக்குத் திரும்பிவிட்டாள். கன்னியம்மாள் என்ன போட்டாள் என்று பார்க்கவில்லை.

வெள்ளத்தில் கன்னியம்மாளை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். பரண்மேல் பாதியும் தண்ணீரில் பாதியுமாக. வலது கை மட்டும் மேலே. அந்தக் கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போன்.

'பாவம், போன்ல பதியத் தெரியல அந்தம்மாவுக்கு' என்று எல்லோரும் சொன்னார்கள். சௌம்யாவும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லியே இரண்டு வருடத்தைத் தள்ளினாள். ஆனால் அவள்தானே கற்றுக்கொடுத்தாள்? வியாழக்கிழமை சரியாகத்தானே நிரப்பினாள்? ஏன் பதியவில்லை? ராத்திரி படுத்தால் இந்த ஒரு கேள்விதான் பக்கத்தில் வந்து படுத்தது.

"நான் போய் வீட்டம்மாகிட்ட டீ சொல்லிட்டு வரேன்," என்று குணசேகரன் உள்ளே போனார்.

சௌம்யா படிவத்தைத் திரையில் கொண்டுவந்தாள். வெறும் கட்டங்கள். பெயர், முகவரி, எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு, உறவினர் பெயர், எண், உறவு. கீழே பச்சைப் பொத்தான்: அனுப்பு. பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கட்டங்கள் இல்லை. திரை நடுவில், படிவம் அனுப்பியதும் காட்டுவதற்காக அவள் எழுதிய இரண்டு சொல்.

பதிவாயிற்று, காத்திருங்கள்.

"சார், லேப்டாப்ப நீங்க எதுனா தொட்டீங்களா?"

"நான் எங்கம்மா தொட்டேன், உள்ள இல்ல இருக்கேன்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பழைய லேப்டாப், விசை ஏதோ மாட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள். கட்டங்கள் வந்தன. பதிவுகளின் பட்டியலைப் பார்த்தாள். பழைய நூற்றி முப்பத்தெட்டு மட்டும். புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. அப்படியானால் பதிவாயிற்று என்று ஏன் காட்டியது?

டிக்.

நகம் கண்ணாடியில் படுகிற சத்தம். அறையில் வேறு யாரும் இல்லை.

பெயர்க் கட்டத்தில் ஒரு எழுத்து விழுந்திருந்தது. க.

சௌம்யா இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டிக். வெகுநேரம் கழித்து, டிக். எழுத்தைத் தேடித் தேடி அழுத்துகிற ஒருவரின் நிதானம். ஆபீஸ் பையன்கள் யாராவது, அந்த லோகேஷ், தூரத்திலிருந்து இந்த லேப்டாப்பில் புகுந்து விளையாடுகிறானோ? எழுந்து போய் வை-ஃபை பெட்டியை அணைத்தாள். மவுஸ் வயரையும் பிடுங்கினாள்.

டிக்.

கன்னியம்மாள். ஏரிக்கரைச் சந்து, கடைசி வீடு. எத்தனை பேர்: 1. தண்ணீர் எவ்வளவு: முழங்கால்.

பச்சைப் பொத்தான் உள்ளே அமுங்கி மேலே வந்தது.

பதிவாயிற்று, காத்திருங்கள்.

கட்டங்கள் மறுபடி வெறுமையாயின. மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை கொஞ்சம் வேகமாக.

தண்ணீர் எவ்வளவு: இடுப்பு.

பதிவாயிற்று, காத்திருங்கள்.

பயத்திலும் கை தன் வேலையை மறக்கவில்லை. பொத்தான் அமுங்கும்போது பிரவுசர் ஒரு குறிப்பும் சேர்த்து வைக்கும். அழுத்தியது மனிதக் கையா, இல்லை ஏதாவது நிரல் கைபோல நடித்ததா என்று. 'இஸ் டிரஸ்டட்' என்று அதற்குப் பெயர். நிரலால் அதை ஏமாற்ற முடியாது. அந்தக் குறிப்பைத் திரை ஓரத்திலும் பதிவின் அடியிலும் எழுதிக்காட்டும்படி ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள். மூன்று முறை தப்பாக அடித்தாள்.

டிக். டிக். டிக்.

தண்ணீர் எவ்வளவு: மார்பு.

பொத்தான் அமுங்கியது. திரை ஓரத்தில் விடை வந்தது.

மனிதக் கை: ஆம்.

அப்போதுதான் அந்த வாசனை. ஏரிப்பாசியும் சேறும், அதற்குள்ளே எங்கோ இஞ்சி. சுவரின் பழுப்புக் கோடு கறுத்து, அதிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. அடுத்த சொட்டு. கோடு முழுக்கச் சொட்டுச் சொட்டாக, சத்தமே இல்லாமல்.

"யாருக்குப் போடற டீ, வாசன இம்மாம் தூக்குது?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றினாள் ஜமீலா. ஏரிக்கரைச் சந்தில் மாடி வீடு. கன்னியம்மாள் வீட்டுக்கு நேர் எதிர். வெள்ளத்துக்குப் பிறகு குழுவில் சேர்ந்து போன் எடுக்கும் வேலை பார்ப்பவள். உள்ளே ஒரு அடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

"கன்னியம்மாக்கா டீ இல்ல இது?" என்றாள், குரலே இல்லாமல்.

சௌம்யா திரையைக் காட்டினாள். ஜமீலா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். டம்ளரோடு வந்த குணசேகரனும் பார்த்தார்.  

"பதியவே இல்லன்னீங்களே எல்லாரும்," என்றாள் சௌம்யா. "இதோ, பதியறாங்க பாருங்க."

"பதியாம இன்னா?" என்றாள் ஜமீலா. "அப்பவே பதிஞ்சிச்சு."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒங்கிட்ட சொல்ல ரெண்டு வருசமா வாய் வரல கண்ணு. நீ கெடந்து அழுதுகினு இருந்தே. ரெண்டாம் நாள் காலைல எங்க ஊட்டுக்காரரு இஸ்மாயில் மாடிலேர்ந்து கயிறு போட்டாரு. 'யக்கா, இடுப்புத் தண்ணிதான், கயித்தப் புடிச்சிக்கினு வந்துரு'ன்னாரு. நானும் கத்துறேன். அது அசையல. போனத் தூக்கிக் காட்டுச்சு. 'நான் பதிஞ்சிக்கீறேன் ஜமீலா. எம்பொண்ணு எழுதுனது இது. காத்திருன்னு போட்டுக்கீது பாரு. படகு வந்து ஆளு இல்லன்னா பாப்பாவுக்குத்தான கெட்ட பேரு'ன்னுச்சு."

ஜமீலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்தியானத்துக்கு மேல தண்ணி ஒரேடியா ஏறிச்சு. அப்புறம் கயிறு எட்டல."

குணசேகரன் டம்ளரை மேசைமேல் வைத்தார். பாதி டீ மேசையில் கொட்டியது. "எனக்கு வரலையே," என்றார். "சத்தியமா எனக்கு வரலம்மா. வந்திருந்தா முதல் படகு அதுக்குத்தான."

"வரல சார்," என்றாள் சௌம்யா. "பட்டியல்ல இல்ல. இப்பவும் வரல."

"பின்ன, காத்திருன்னு யாரு சொன்னது?"

சௌம்யா தான் எழுதியதைத் திறந்தாள். இருபது வரிகூட இல்லை. பொத்தானை அழுத்தினால் படிவம் கொடுக்கும் குரலுக்குக் காது கொடுத்து நிற்கும் வரிகள். இரண்டு வருடமாக அவள் அதைத் திறக்கவேயில்லை. ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள், பக்கத்தில் இருவரும் நிற்க.

"இது முதல் வரி சார். நில்லுங்கறது. இது இல்லன்னா பக்கம் தானா மாறி, எழுதுனதெல்லாம் அழிஞ்சிடும். அடுத்தது, எல்லாக் கட்டமும் நெறஞ்சிருக்கான்னு பாரு. அதுக்கப்புறம் உங்களுக்கு அனுப்பு. கடைசியா, பதிவாயிற்றுன்னு காட்டு. அவ்வளவுதான். நில்லு, பாரு, அனுப்பு, சொல்லு."

"சரியாத்தான இருக்கு?"

விரல் நின்றுவிட்டது.

'பார்' என்பதற்கும் 'அனுப்பு' என்பதற்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. சின்ன வரி. அதில் பத்து இலக்கம். அது அவளுடைய போன் எண்.

"என்னம்மா அது?"

அவள் பேச ஆரம்பித்தபோது குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஞாபகமிருக்கா சார், ஆபீஸ் பசங்க சோதனை பண்றேன்னு கண்டதையும் அனுப்பினாங்களே. கொரட்டூர் ஏரி, ஐநூறு பேர்னு. நீங்க நெசம்னு நம்பிப் படகுக்குக் காத்தடிச்சிட்டீங்க."

"ஆமா. போன் போட்டு உன்ன நல்லா வெளுத்து வாங்கிட்டேன் அன்னிக்கு."

"அது வெள்ளிக்கிழம. கெளம்பற நேரம். எல்லார்கிட்டயும் சொன்னேன், சோதனை பண்றவங்க உறவினர் நம்பர்ல என் நம்பரப் போடுங்கன்னு. அப்புறம் இந்த வரிய எழுதினேன். உறவினர் நம்பர் என்னோடதா இருந்தா அது சோதனை. அனுப்பாத. பதிவாயிற்றுன்னு மட்டும் காட்டு."

மழை சற்று நின்ற மாதிரி இருந்தது. இல்லை, அவளுக்குத்தான் கேட்கவில்லை.

"வியாழக்கிழம அக்காகிட்ட நான்தான் சொன்னேன் சார். என் நம்பரப் போடுங்கன்னு."

ஜமீலா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"என் போனும் செத்துக் கெடந்துச்சு ரெண்டு நாளு. என் வீடு இருக்கற திருவேற்காட்டுல கரண்டே இல்ல. அவங்க அமுத்தி அமுத்திப் பாத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் நான், நானே, காத்திருன்னு..." அதற்குமேல் வரவில்லை.

குணசேகரன் அவளைத் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் சுவரில் சொட்டுகிற கோட்டை உள்ளங்கையால் தொட்டார். ஈரமான கையைப் பார்த்தார்.

"திட்டத்தான் வாய் வருது," என்றார். "ஆனா டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு உன்ன அன்னிக்கு அந்தக் கிழி கிழிச்சவன் நான். நான் கத்தலன்னா நீ அந்த வரி எழுதியிருக்க மாட்ட."

டிக்.

மூவரும் திரும்பினார்கள்.

டிக். டிக். டிக். டிக். இப்போது தேடுகிற நிதானம் இல்லை. எழுத்துகள் தடுமாறி விழுந்தன, அழிந்தன, மறுபடி விழுந்தன.

தண்ணீர் எவ்வளவு: அதற்கு மேல்.

"அந்த வரிய எடு," என்றார் குணசேகரன் கிசுகிசுப்பாக. "எடும்மா. சீக்கிரம்."

எடுத்தாள். ஓடிப்போய் வை-ஃபை பெட்டியைப் போட்டாள். சிவப்பு விளக்கு பச்சையாக மாறுவதற்குள் ஒரு யுகம். ஜமீலா திரையைப் பார்த்துக் கெஞ்சினாள். "யக்கா, கொஞ்சம் இரு யக்கா. இதோ ஆச்சு."

உறவினர் பெயர்: சௌம்யா. அவளுடைய பத்து இலக்கம், ஒன்றொன்றாக. கடைசிக் கட்டம்.

உறவு: மகள்.

அன்றைக்கு அவள் திரும்பிப் பார்க்காத சொல் அது.

பொத்தான் அமுங்கியது.

குணசேகரனின் சட்டைப்பையில் போன் 'டங்' என்றது. குழுவுக்குப் பதிவு வந்தால் வருகிற சத்தம். இரண்டு வருடமாக அந்த அறையில் கேட்காத சத்தம். அவர் எடுத்துப் பார்த்தார். நூற்றி முப்பத்தொன்பதாவது பதிவு. மனதுக்கு முன்னால் அவர் கை பழக்கப்படி நகர்ந்து, உறவினர் எண்ணைத் தொட்டுவிட்டது.

மேசைமேல் சௌம்யாவின் போன் அடித்தது.

மூன்றடி இடைவெளியில் இருவரும் நின்றார்கள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் எடுத்தாள்.

"வணக்கம். மழைக்கால உதவிக் குழுவுலேர்ந்து பேசறோம்." அவர் குரல் அவளுக்கு இரண்டு முறை கேட்டது, காற்றில் ஒரு முறை, போனில் ஒரு முறை. "கன்னியம்மாள்ங்கறவங்க உங்க நம்பரக் குடுத்திருக்காங்க."

"ஆமா."

"அங்க ஆள் இருக்காங்களா?"

போனுக்குள் அவர் குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் இருந்தது. ஷீட் கூரைமேல் மழை. கூரைக்கு ரொம்பப் பக்கத்தில் தண்ணீர்.

"இருக்காங்க," என்றாள்.

"எத்தன பேரு?"

"ஒருத்தர்."

அவர் செருமிக்கொண்டு மூன்றாவதைக் கேட்டார். "உங்களுக்கு என்ன வேணும் அவங்க?"

"அம்மா," என்றாள் சௌம்யா.

குணசேகரன் தலையை ஆட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். துண்டித்து, போனைப் பையில் போட்டுவிட்டார்.

சௌம்யாவின் காதில் இணைப்பு இருந்தது.

மழை. தண்ணீர். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, மிகப் பக்கத்தில்:

"கேட்டுச்சா பாப்பா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சுக்கா," என்றாள். "இப்பத்தான் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு போனில் ஒன்றுமில்லை.

"பதிவு வந்தாச்சு," என்றார் குணசேகரன், யாரையும் பார்க்காமல். "வந்த பதிவ நான் விட்டதில்ல."

மூவரும் குடை பிடித்துக்கொண்டு ஏரிக்கரைச் சந்துக்கு நடந்தார்கள். சந்தில் கணுக்கால் நனைகிற தண்ணீர்கூட இல்லை. கடைசி வீட்டில் ஷீட்டை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். நாலு சுவர், நடுவில் எருக்கு. கதவு இருந்த இடத்தில் குணசேகரன் நின்றார். படகிலிருந்து நூற்றி முப்பத்தெட்டு பேருக்கு நீட்டிய மாதிரியே வலது கையை உள்ளே நீட்டினார்.

"கன்னியம்மா, வந்துட்டோம்மா. லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்க. கையப் புடிச்சிக்கினு ஏறு."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஏதோ கனம் தாங்குகிற மாதிரி அவர் தோள் ஒரு பக்கம் இறங்கி நிமிர்ந்தது. கையை இழுத்துக்கொண்டு, "சரி," என்று மட்டும் சொன்னார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தபோது சட்டையில் சேறு படிந்தது.

திரும்பி வந்தபோது முன்னறைச் சுவர் காய்ந்திருந்தது. கோட்டைக் காணோம்.

சௌம்யா ஆபீசுக்குப் போகவில்லை. பஸ் மாறி, ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு திருவேற்காடு வந்து இறங்கியபோது மணி ஆறு. அழுது முகம் எரிந்தது. கோவில் பக்கம் ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு. அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில் அவளுடைய ஒற்றைப் படுக்கையறை வீடு. அவள் ஒருத்திதான். ஆளைப் பார்த்தால் தலையாட்டுகிற எதிர்வீட்டு தாட்சாயிணி மாமி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்மா, ஊர்லேர்ந்து விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையே மாமி. ஏன்?"

"மாடிப்படி எல்லாம் ஈரக்காலு. உன் வாசல் வரைக்கும் இருந்துச்சு. சரி, வாட்ச்மேனா இருக்கும்," என்று மாமி கதவைச் சாத்திக்கொண்டாள்.

சௌம்யா பையில் சாவியைத் தேடி எடுத்தாள். போன் அதிர்ந்தது. குணசேகரன்.

"சௌம்யா, ஃபாரத்த யாருக்காவது குடுத்தியாம்மா?"

"இல்ல சார். இன்னும் வெளிய விடவே இல்ல."

"ஒரு பதிவு வந்திருக்கு. அஞ்சு அம்பதுக்கு. நீயே பாரு, அனுப்பிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "நான் உறவினருக்குப் போன் போடணுமா வேணாமான்னு தெரியல. அதான் உன்னையே கூப்பிட்டேன்."

மாடி விளக்கு வெளிச்சத்தில் அவள் படித்தாள்.

பெயர்: கன்னியம்மாள். முகவரி என்ற இடத்தில் சௌம்யாவுடைய அடுக்குமாடியின் பெயர், இரண்டாவது தளம், கதவு எண். தண்ணீர் எவ்வளவு: இல்லை. உறவு: மகள். மனிதக் கை: ஆம்.

எத்தனை பேர்: 2.

சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், சமையலறையில், யாரோ இஞ்சி தட்டினார்கள். நாலே தட்டு.